குழந்தையின் குடலும் அதில் குடியிருக்கும் நுண்ணுயிர்களும்

புதிய ஊர் ஒன்றில் வீடு பிடித்துக் குடியேறும் தமிழ்க் குடும்பத்தார் அண்டை வீட்டாரிடம் முதன்முதலில் கேட்டு வாங்கும் பொருள் எது? பெரும்பாலும் அது ஒரு கரண்டி உறைமோராகவே இருக்கும். தில்லியில் அதைத் தஹி என்பார்கள். கொல்கத்தாவில் தோய் என்பார்கள். பெயர் எதுவாயினும், அந்த ஒரு கரண்டியை இளஞ்சூடான பாலில் இட்டு மூடி வைத்தால் மறுநாள் காலையில் தயிர் தோய்ந்துவிடுகிறது. அன்று தொடங்கிய மரபு அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் அறுபடாமல் தொடர்கிறது.

நாம் கேட்டு வாங்கிய அந்தக் கரண்டி மோரில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்தன. பாலின் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றியவை அவையே. ஏறக்குறைய இதைப் போன்ற ஒரு கொடை ஒவ்வொரு குழந்தை பிறக்கும்போதும் நிகழ்கிறது. பிறக்கும் வரையில் சிசுவின் குடலில் நுண்ணுயிர்கள் குடியேறுவதில்லை என்பதே பெரும்பாலான விஞ்ஞானிகளின் கருத்து. பிறந்த சில மணி நேரத்திற்குள் அங்கே குடியேற்றம் தொடங்கிவிடுகிறது. முதலில் வந்து சேர்பவை யாவை, எங்கிருந்து வருகின்றன, அவற்றுக்கு உணவளிப்பவர் யார் என்னும் கேள்விகளுக்கு விடை காண மருத்துவ உலகத்திற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த விடைகளைப் பற்றிச் சில சமயம் மிகையான நம்பிக்கைகளும் எழுந்தன. அந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

திருடனும் வீட்டாரும்

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் இறுதி, நோய்க் கிருமிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டுவந்த காலம். ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். பின்னர் காலராவின் காரணத்தைத் தேடி எகிப்துக்குச் சென்று, அங்கிருந்து கல்கத்தாவுக்கு வந்து, 1884-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தக் கிருமியையும் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். நுண்ணுயிர் என்றாலே பகைவன் என்று உலகம் எண்ணத் தொடங்கியது வியப்பன்று.

அந்நாளில் ஐரோப்பிய நகரங்களில் கைக்குழந்தைகள் பேதி நோயால் திரள் திரளாக மடிந்தன. ஜெர்மனியில் பிறந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் முதலாண்டு நிறையும் முன்பே இறந்தது. புட்டிப்பால் குடித்த குழந்தைகளுக்கே கோடைக் காலத்தில் ஆபத்து அதிகமாக இருந்தது. காரணம் கிருமியே என்று பலரும் ஐயுற்றனர். ஆனால் எந்தக் கிருமி?

தியோடர் எஷெரிக் என்ற இளம் மருத்துவர் இந்தக் கேள்வியைச் சற்று வேறுவிதமாக அணுகினார். அவர் 1857-இல் பவேரியாவில் பிறந்தவர்; 1884-இல் நேபிள்ஸ் நகரில் காலரா பரவியபோது அங்கே சென்று பார்த்தவர். வீட்டில் புகுந்த திருடனை அடையாளம் காணவேண்டுமானால், அந்த வீட்டில் வழக்கமாக வாழ்பவர் யார் யார் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? நோயுற்ற குழந்தையின் குடலை ஆராய்வதற்கு முன் நலமுள்ள குழந்தையின் குடலை ஆராய வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். மியூனிக் நகரில், பச்சிளங் குழந்தைகளின் மலத்தை நாள்தோறும் சேகரித்து, அதிலிருந்த நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்தார். பிறர் முகம் சுளிக்கும் அந்த வேலையிலிருந்து குழந்தை மருத்துவத்தின் ஒரு புதிய துறையே பிறந்தது.

1885-இல் அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். பிறந்த குழந்தை முதன்முதலில் கழிக்கும் கரிய மலத்தில், நம் பாட்டிமார் காட்டுப்பீ என்று குறிப்பிடும் அதில், தொடக்கத்தில் நுண்ணுயிர் எதுவும் தென்படவில்லை. ஆனால் ஒரு நாள் முடிவதற்குள் நுண்ணுயிர்கள் தோன்றிவிட்டன. பால் குடிக்கத் தொடங்கியதும் அவற்றின் வகையும் மாறியது. அவர் விவரித்த கோல் வடிவ நுண்ணுயிர் ஒன்று பிற்காலத்தில் அவர் பெயராலேயே எஷெரிக்கியா கோலி என்று வழங்கலாயிற்று. ஈ. கோலி என்று நாம் சுருக்கமாகக் கேள்விப்படுவது அதுவே. அதன் வகைகளுள் பெரும்பாலானவை நம் குடலில் தீங்கின்றி வாழ்பவை. சில வகைகளோ கொடிய பேதியை விளைவிப்பவை. ஒரே பெயர் கொண்ட நுண்ணுயிரிலும் இனத்துக்கு இனம் குணம் வேறுபடும் என்ற இந்த உண்மை, பின்னால் நமக்கு மிகவும் தேவைப்படும். நேயர்கள் இதை நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

எஷெரிக் பின்னர் வியன்னா நகரின் குழந்தை மருத்துவமனைக்குத் தலைவரானார். 1911-இல் மறையும் வரையில், தாய்ப்பாலின் மேன்மையை இடைவிடாது வற்புறுத்தி, சிசுக்களைக் காக்கும் சங்கம் ஒன்றையும் நடத்தினார்.

தாய்ப்பால் அருந்திய குழந்தையின் அடையாளம்

அடுத்த படியைப் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் ஹென்றி டிசியே என்பவர் எடுத்து வைத்தார். 1899-இல், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் ஒரு விசித்திரமான நுண்ணுயிரை அவர் கண்டார். கவட்டை போல அதன் நுனி இரண்டாகக் கிளைத்திருந்தது. இரு பிளவு என்ற பொருளில் அதற்குப் பிஃபிடஸ் என்று பெயரிட்டார். இன்று அதன் குடும்பப் பெயர் பிஃபிடோபாக்டீரியம். தாய்ப்பால் குடித்து நலமாக வளரும் குழந்தையின் குடலில் அது மற்ற எல்லாவற்றையும்விட மிகுந்திருந்தது. பேதியால் வாடும் குழந்தைகளிடமோ அது அருகிக் காணப்பட்டது.

இந்த வேறுபாட்டைக் கண்ட டிசியே, நோயுற்ற குழந்தைக்கு இந்த நல்ல நுண்ணுயிரையே உண்ணக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். நோய்க் கிருமியைக் கொல்லும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்த உலகத்தில், உயிருள்ள நுண்ணுயிரையே மருந்தாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் புதுமையானது. இன்று புரோபயாடிக் என்ற பெயரில் கடைகளில் விற்கும் பொடிகளுக்கெல்லாம் மூலக்கருத்து, குழந்தைகளின் பேதியைப் பற்றிய இந்தக் கேள்வியே ஆகும்.

அதே சமயத்தில், 1900-இல், எஷெரிக்கின்கீழ்ப் பணியாற்றிய எர்ன்ஸ்ட் மோரோ என்ற மருத்துவர் குழந்தைகளின் மலத்திலிருந்து, புளிப்பைத் தாங்கும் மற்றொரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அதுவே பின்னர் லாக்டோபாசிலஸ் அசிடோஃபிலஸ் எனப் பெயர் பெற்றது. அதே மோரோ 1908-இல், பேதியுற்ற குழந்தைகளுக்கு நன்றாக வேகவைத்து மசித்த காரட்டையும் உப்பையும் சேர்த்த ஒரு கஞ்சியைக் கொடுத்து நல்ல பயன் கண்டார். நுண்ணுயிரைக் கண்டுபிடித்தவரே, பேதியில் வாடும் குழந்தைக்கு நீரும் உப்பும் உணவும் வேண்டும் என்பதையும் உணர்ந்திருந்தார்.

புளித்த பாலும் நீண்ட ஆயுளும்

இதற்குள் வேறு ஒரு குரல் உலகத்தின் செவியில் உரத்து ஒலித்தது. அது எலி மெச்னிக்கோவின் குரல். இவர் அன்றைய ருஷியப் பேரரசில், இன்றைய உக்ரைன் நாட்டின் கார்கிவ் பகுதியில் 1845-இல் பிறந்தவர். பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவர். இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிப்பதைக் கண்டறிந்ததற்காக 1908-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். மாபெரும் அறிஞர் என்பதில் ஐயமில்லை.

பெருங்குடலில் உணவு அழுகுவதால் உண்டாகும் நஞ்சே மூப்புக்குக் காரணம் என்று அவர் கருதினார். பல்கேரிய நாட்டுக் குடியானவர்கள் புளித்த பாலை மிகுதியாக உண்பதையும், அவர்களுள் முதியோர் பலர் இருப்பதாகக் கூறப்பட்டதையும் அவர் இணைத்துப் பார்த்தார். ஜெனிவாவில் பயின்றுவந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர், தம் நாட்டுத் தயிரைத் தோய்க்கும் நுண்ணுயிரை 1905-இல் கண்டறிந்திருந்தார். தயிரின் புளிப்பு குடலில் அழுகலைத் தடுத்து ஆயுளை நீட்டிக்கும் என்று மெச்னிக்கோவ் 1907-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். உடனே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தயிர் மோகம் பரவியது. தயிர் நுண்ணுயிரை மாத்திரையாக்கி விற்றோர் பலர். மெச்னிக்கோவ் தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்திவந்தார். 1916-இல், 71-ஆம் வயதில் காலமானார்.

அவர் கூற்றைச் சோதித்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெட்கரும் செப்ளினும் ஆவர். பல்கேரியத் தயிர் நுண்ணுயிர் மனிதக் குடலில் வேரூன்றி வாழ்வதில்லை என்று 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் காட்டினர். தயிர் நல்ல உணவுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அது சாகாவரம் அன்று. நல்ல கருத்து ஒன்று, சோதனைக்கு முன்பே சந்தைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது முதல் உதாரணம். கடைசி உதாரணம் அன்று.

ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற மருத்துவர் வேறு வழியில் சென்றார். குடலின் புளிப்பையும் பித்தநீரையும் தாங்கி உயிரோடு கடந்து செல்லக்கூடிய ஒரு நுண்ணுயிரினத்தை 1930-இல் கியோட்டோவில் தேர்ந்தெடுத்து வளர்த்தார். அதைக் கொண்டு தயாரித்த யாகுல்ட் என்ற பானம் 1935 முதல் விற்பனைக்கு வந்தது. புரோபயாடிக் வாணிகம் என்பது இவ்வாறு 90 ஆண்டுகளுக்கு முற்பட்டதே.

தாய் யாருக்காகச் சமைக்கிறாள்?

டிசியே கண்ட பிஃபிடஸ் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் மட்டும் ஏன் அவ்வளவு செழித்தது? இந்தப் புதிரை அவிழ்க்க அரை நூற்றாண்டு ஆயிற்று. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பால் கியோர்கி என்ற குழந்தை மருத்துவர், தாய்ப்பாலில் அந்த நுண்ணுயிரை வளர்க்கும் ஒரு பொருள் இருப்பதை 1954-இல் வெளியிட்டார். ஹைடல்பெர்க் நகரத்து ரிச்சர்ட் கூனின் குழுவினர் அதன் இரசாயன அமைப்பை ஆராய்ந்தனர். பல சர்க்கரைக் கண்ணிகள் கோத்த குறுஞ்சங்கிலிகளே அந்தப் பொருள். இவற்றை ஆலிகோசாக்கரைடு என்பர்.

தாய்ப்பாலில் உள்ள திடப்பொருள்களில், பாற்சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுந்திருப்பது இந்தச் சங்கிலிச் சர்க்கரையே. 150-க்கு மேற்பட்ட வகைகள் இதுவரை அறியப்பட்டுள்ளன. பிறந்த முதல் நாட்களில் சுரக்கும் சீம்பாலில் இது இன்னும் அதிகம். வியப்பு என்னவென்றால், இதைச் செரிக்கும் ஆற்றல் குழந்தைக்கு இல்லை. தன் உடலைச் செலவிட்டுத் தாய் உண்டாக்கும் இந்தப் பொருள், குழந்தைக்கு உணவாகாமல் பெருங்குடல் வரையில் போய்ச் சேர்கிறது. அங்கே அதை உண்ணக் காத்திருப்பது பிஃபிடோபாக்டீரியம். அதன் இன்ஃபான்டிஸ் என்னும் வகையின் மரபணுத் தொகுதியை 2008-இல் படித்துப் பார்த்தபோது, தாய்ப்பாலின் இந்தச் சர்க்கரைகளை உள்ளிழுத்துச் சிதைப்பதற்கென்றே அமைந்த மரபணுக்கள் ஒரு கூட்டமாக அதில் இருப்பது தெரிந்தது.

ஆகவே தாய் தன் குழந்தைக்கு மட்டும் சமைக்கவில்லை. குழந்தையின் குடலில் குடியிருக்கும் விருந்தினருக்கும் சேர்த்தே சமைக்கிறாள். அந்த விருந்தினர் சர்க்கரையை உண்டு புளிப்பு அமிலங்களை வெளியிடுகின்றனர். குடலில் புளிப்பு மிகும்போது நோய்க் கிருமிகள் பலவற்றுக்கு அங்கே தலையெடுக்க முடிவதில்லை. உணவும் இடமும் ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டதால், பின்னர் வரும் தீயவற்றுக்கு இடம் குறைகிறது. குழந்தையின் நோய் எதிர்ப்பு உறுப்புகளும் இந்த முதல் விருந்தினரோடு பழகித்தான் எது பகை, எது நட்பு என்று கற்றுக்கொள்கின்றன.

பிறக்கும் வழியும் இதில் வேறுபாட்டை உண்டாக்குகிறது. பிரிட்டனில் 596 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, இயல்பாகப் பிறந்த குழந்தைகளுக்குத் தாயின் குடல் நுண்ணுயிர்கள் மிகுதியாகக் கிடைத்தன. அறுவைச் சிகிச்சையால் பிறந்த குழந்தைகளிடம் மருத்துவமனைச் சூழலில் காணப்படும் நுண்ணுயிர்கள் அதிகமாக இருந்தன. மாதங்கள் செல்லச் செல்ல இந்த வேறுபாடு பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. தாயின் உயிரையோ சேயின் உயிரையோ காக்க அறுவை தேவைப்படும்போது இதை எண்ணித் தயங்குவது பேதைமை. தாய்ப்பாலை விரைவில் தொடங்குவதே செய்யத்தக்கது.

பேதிக்கு எது மருந்து?

2001-இல் அர்ஜெண்டினாவின் கோர்டோபா நகரில் கூடிய உலக உணவு விவசாய நிறுவனம், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் நிபுணர்கள், புரோபயாடிக் என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுத்தனர். போதிய அளவில் உயிரோடு உட்கொள்ளப்பட்டு, உட்கொண்டவருக்கு உடல்நலப் பயனைத் தரும் நுண்ணுயிர்களே புரோபயாடிக் என்பது அதன் சாரம். இதில் உயிரோடு, போதிய அளவில், பயன் என்ற மூன்று நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. மூன்றும் மெய்ப்பிக்கப்படாத பொருளுக்கு இந்தப் பெயர் பொருந்தாது. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2011-இல் இதற்கு வழிகாட்டு விதிகளை வெளியிட்டன.

டிசியேயின் பழைய கேள்விக்கு, அதாவது பேதியுற்ற குழந்தைக்கு நல்ல நுண்ணுயிரைக் கொடுத்தால் குணமாகுமா என்பதற்கு, நம்பத்தக்க விடை 2018-இல்தான் கிடைத்தது. அமெரிக்காவில் 971 குழந்தைகளிடமும் கனடாவில் 886 குழந்தைகளிடமும் தனித்தனியே சோதனை நடந்தது. பாதிப் பேருக்குப் புகழ்பெற்ற லாக்டோபாசிலஸ் வகைகள். மற்றப் பாதிப் பேருக்கு அதைப் போலவே தோற்றமளிக்கும் வெறும் பொடி. யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. இரு சோதனைகளும் ஒரே முடிவைத் தந்தன. அந்தப் பொடிகளால் வயிற்றுப்போக்கும் வாந்தியும் விரைவில் நிற்கவில்லை.

அப்படியானால் பேதியால் வாடும் குழந்தையைக் காப்பது எது? அதற்கான விடையை நம் நாட்டு மண்ணிலேயே காணலாம். 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் இரத்தக் குழாய் வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், சர்க்கரையும் உப்பும் சோடாவும் கலந்த நீரை வாய்வழியே குடிக்கக் கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினர்களே அதைப் புகட்டினர். நூற்றுக்கு 30 என்ற அளவிலிருந்த சாவு, நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலுக்குள் செல்லும்போது உப்பையும், அதனுடன் நீரையும் சேர்த்து இழுத்துச் செல்கிறது என்பதே இதன் இரகசியம். அந்தப் பொட்டலம் இன்று எல்லா மாநிலங்களிலும் அரசு சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. அதனோடு துத்தநாக மாத்திரையும் தொடர்ந்து கொடுக்கும் பாலும் உணவுமே குழந்தையின் பேதிக்கு முதன்மையான சிகிச்சை.

ஒடிசாவின் 149 கிராமங்கள்

இவ்வளவும் கேட்டபின், நுண்ணுயிரைக் கொண்டு குழந்தையைக் காக்கும் எண்ணமே வீண் என்று யாரேனும் முடிவு செய்யக்கூடும். அதுவும் தவறு. இதற்குச் சான்று ஒடிசா மாநிலத்திலிருந்து வந்தது.

பிறந்த முதல் மாதத்தில் சிசுக்களைக் கொல்லும் நோய்களுள் ஒன்று, கிருமி இரத்தத்தில் பரவி உடல் முழுவதையும் தாக்குவது. மருத்துவர்கள் இதைச் செப்சிஸ் என்பர். நலமாகப் பிறந்து வீடு சென்ற குழந்தை திடீரெனப் பால் குடிக்க மறுக்கும்; துவண்டுபோகும்; கிராமத்திலிருந்து மருத்துவமனை சேர்வதற்குள் காலம் கடந்துவிடும். தீய கிருமிகள் குடலைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து இரத்தத்தில் புகுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அவ்வாறாயின், அவை வருமுன்பே நல்ல நுண்ணுயிர் ஒன்றை அங்கே குடியேற்றிவிட்டால் என்ன? அமெரிக்காவில் பணியாற்றிய இந்தியரான பினாகி பாணிக்ராஹி என்ற குழந்தை மருத்துவர், ஒடிசாவிலுள்ள தம் கூட்டாளிகளுடன் இந்தக் கேள்வியில் பல ஆண்டுகள் உழைத்தார்.

கையில் கிடைத்த ஏதோ ஒரு நுண்ணுயிரை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பல இனங்களைச் சோதித்து, குடலில் நன்கு ஒட்டிக்கொண்டு சில காலமாவது நிலைத்து வாழக்கூடிய லாக்டோபாசிலஸ் பிளான்டாரம் என்ற வகையின் ஒரு குறிப்பிட்ட இனத்தைத் தேர்ந்தெடுத்தனர். அதற்கு உணவாக ஒரு சங்கிலிச் சர்க்கரையையும் சேர்த்தனர். மெச்னிக்கோவின் காலத்தில் தவறவிட்ட கேள்வி, அதாவது கொடுக்கும் உயிர் குடலில் தங்குமா என்ற கேள்வி, இங்கே முதலிலேயே கேட்கப்பட்டது.

149 கிராமங்களைச் சேர்ந்த 4,556 குழந்தைகள் இந்தச் சோதனையில் சேர்க்கப்பட்டனர். எல்லாரும் 2 கிலோவுக்குக் குறையாத எடையுடன் நலமாகப் பிறந்து, தாய்ப்பால் குடித்துவந்தவர்கள். பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கி ஏழு நாட்கள் மட்டும் மருந்து கொடுக்கப்பட்டது. பாதிப் பேருக்கு உண்மையான மருந்து. மற்றவர்க்கு வெறும் மாவு. பின்னர் 60 நாட்கள் வரையில் ஒவ்வொரு குழந்தையும் கண்காணிக்கப்பட்டது. முடிவு 2017-இல் வெளியாயிற்று. வெறும் மாவு பெற்றவர்களில் நூற்றுக்கு 9 பேர் செப்சிஸுக்கோ சாவுக்கோ ஆளாயினர். மருந்து பெற்றவர்களில் அது நூற்றுக்கு 5.4 ஆகக் குறைந்தது. அதாவது, ஐந்தில் இரண்டு பங்கு தவிர்க்கப்பட்டது. நுரையீரல் தொற்றும் குறைந்தது. பயன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனை முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இதன் எல்லையையும் சொல்லவேண்டும். இரு பிரிவிலும் இறப்புகள் மிகச் சிலவே. ஆகவே மருந்து உயிரிழப்பைக் குறைத்தது என்று இந்தச் சோதனையைக் கொண்டு மட்டும் கூற இயலாது. நிறைமாதக் குழந்தைகளிடம், ஒரு குறிப்பிட்ட இனத்தைக் கொண்டு கிடைத்த முடிவு இது. மற்றோர் இனத்துக்கோ, குறைமாதக் குழந்தைகளுக்கோ இது தானாகப் பொருந்தாது. இங்கிலாந்தில் 1,300-க்கு மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளிடம் பிஃபிடோபாக்டீரியத்தின் வேறோர் இனத்தைக் கொடுத்துச் சோதித்து 2016-இல் வெளியிட்டபோது, பயன் ஏதும் காணப்படவில்லை. குறைமாதக் குழந்தை ஒன்று, கொடுக்கப்பட்ட நுண்ணுயிரே இரத்தத்தில் பரவி இறந்ததையடுத்து, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் எச்சரிக்கை விடுத்தது. நம் வேலூரில் நடந்த சோதனை ஒன்றிலும், குழந்தைகளுக்கு நுண்ணுயிரும் துத்தநாகமும் சேர்த்துக் கொடுத்தபோது ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தின் பலன் சிறிதளவே கூடியது. போலியோ சொட்டு மருந்துக்கு ஒன்றும் கூடவில்லை. எஷெரிக்கின் ஈ. கோலியைப் பற்றி முன்பு கூறியதை நேயர்கள் இங்கே நினைவுகூரலாம்: இனத்துக்கு இனம் குணம் வேறு.

வாழைக்காயும் கொண்டைக்கடலையும்

குழந்தை திட உணவுக்கு மாறும் பருவத்தில் குடலின் குடியிருப்பும் மாறுகிறது. இரண்டு மூன்று வயதுக்குள் அது பெரியவர்களின் குடலை ஒத்ததாகிவிடுகிறது. அமெரிக்க அறிஞர் ஜெஃப்ரி கார்டனும் டாக்கா நகரத்து ஆராய்ச்சியாளர்களும் 2014-இல் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டனர். கடுமையாக மெலிந்த குழந்தையின் குடல் நுண்ணுயிர்த் தொகுதி, அதன் வயதுக்கு ஏற்றபடி முதிராமல் பின்தங்கியிருக்கிறது. வழக்கமான சத்துணவு கொடுத்து உடல் தேறிய பின்னும் இந்தப் பின்னடைவு முழுமையாகச் சரியாவதில்லை.

ஆகவே அவர்கள், குழந்தையின் எடையை மட்டும் எண்ணாமல் நுண்ணுயிர்களையும் எண்ணி ஓர் உணவை வகுத்தனர். அதில் சேர்த்தவை கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை விழுது, வாழைக்காய் ஆகியவை. டாக்காவின் மீர்ப்பூர்ச் சேரிப் பகுதியில் மிதமாக மெலிந்திருந்த, 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு மூன்று மாதம் இதைக் கொடுத்துப் பார்த்தனர். 2021-இல் வெளிவந்த முடிவின்படி, இதைவிடக் கலோரி மிகுந்த வழக்கமான உணவைப் பெற்றவர்களைக் காட்டிலும் இந்தக் குழந்தைகள் நன்றாக எடை கூடினர். புதிய நுண்ணுயிரைப் புகட்டுவதைவிட, இருக்கும் நல்லவற்றுக்கு உணவளிப்பது சில சமயம் மேலான வழி என்று இது காட்டுகிறது. தாய்ப்பால் செய்துவந்த வேலையையே அடுத்த பருவத்தில் அடுப்பங்கரை செய்யவேண்டும் போலும்!

வெளியூரில் வாழும் வீடுகளுக்கு

பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் குடும்பங்களில், பேறுகாலத்தில் தாயும் பாட்டியும் அருகில் இருப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தொலைபேசி வழியே ஓர் அறிவுரை. அண்டை வீட்டார் மூலம் மற்றொன்று. மருந்துக் கடைக்காரர் சொல்லும் மூன்றாவது ஒன்று. நம் பக்கத்தில் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. வடக்கே குட்டி புகட்டுவார்கள். தேனும் சர்க்கரைத் தண்ணீரும் அன்போடு கொடுக்கப்படுபவையே. ஆயினும், தாய்ப்பாலின் சர்க்கரையை நம்பி வந்த முதல் விருந்தினருக்கு முன்னே வேண்டாத விருந்தினரையும் அவை அழைத்து வந்துவிடக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆபத்தானது என்பதும் இன்று தெளிவு. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடும் வழக்கமோ, அந்த விருந்தின் முதற்பந்தியையே குப்பையில் எறிவதாகும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். ஆறு மாதம் வரையில் வேறெதுவும் இன்றித் தாய்ப்பால் மட்டும். அதன்பின் வீட்டு உணவோடு இரண்டாண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எஷெரிக்கும் டிசியேயும் கியோர்கியும் கண்டவற்றின் நடைமுறைச் சாரம் இதுவே எனலாம். பால் போதாத தாயோ, நோயுற்ற தாயோ இதைக் கேட்டு மனம் கலங்க வேண்டுவதில்லை. அவர்களுக்கு மருத்துவர் வழிகாட்டுவார். சளிக்கும் சாதாரணப் பேதிக்கும் நாமாகவே ஆண்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதைத் தவிர்த்தல் வேண்டும். அந்த மருந்து பகைவனோடு வீட்டாரையும் சேர்த்தே அழிக்கிறது. உண்மையில் தேவைப்படும்போது மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரையில் கொடுத்தே ஆக வேண்டும்.

கடையில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியை யாரேனும் பரிந்துரைத்தால் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இது எந்த இனம்? எந்த நோய்க்கு? எந்த வயதுக் குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது? மூன்றுக்கும் விடை சொல்லக்கூடிய மருத்துவரின் சொல்லைக் கேட்பது நன்று. விடை இல்லாத இடத்தில், மெச்னிக்கோவின் காலத்து மாத்திரைகளை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆறு மாதம் நிறைந்தபின் குழந்தைக்குக் குழைந்த சோற்றில் தயிர் பிசைந்து ஊட்டுகிறோம். அது சர்வரோக நிவாரணி அன்று. எளிய, நல்ல உணவு. அந்தத் தயிருக்கு உறை தந்தவர் யார் என்று குழந்தை வளர்ந்தபின் கேட்டால், இன்ன ஊரில், இன்ன வீட்டு அம்மாள் என்று சொல்லலாம். அதன் குடலுக்கு முதல் உறை தந்தவர் யார் என்று கேட்டால், அதற்கும் விடை உண்டு: அதைப் பெற்றவளே.